தைப்பூச விடுமுறையில் பனிமலை: அன்னபூர்ணாவா, குல்மார்க்கா, ஜப்பானா?

புக்கிட் காசிங், புரோகா, நுவாங் என்று வார இறுதிகளில் ஏறிப் பழகிய கோலாலம்பூர்க்காரர்கள் ஒரு கட்டத்தில் கினாபாலுவுக்குப் போய்விட்டு வருகிறார்கள். அதற்குப் பிறகு குழுவில் எழும் பேச்சு பெரும்பாலும் பனிமலை பற்றித்தான். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் ஜனவரி, பிப்ரவரியில் அடுத்தடுத்து வருவதால் விடுப்பும் அப்போதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. "அண்ணே, தைப்பூச லீவோட நாலு நாள் சேர்த்தா ஏபிசி முடிச்சிரலாம்" என்று தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதுவார். ஏபிசி என்றால் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாம். இன்னொருவர் காஷ்மீரின் குல்மார்க் படத்தைப் போடுவார். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜப்பான் என்பார்கள். அப்புறம் விலை, விமான நேரம், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று பேச்சு நீளும்.

இந்த மூன்று இடங்களையும் வேறொரு அளவுகோலால் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அந்த மலையில் பனியைத் தினமும் கவனிப்பது யார்? ஆபத்து என்றால் வழியை மூட யாருக்கு அதிகாரம் இருக்கிறது? பனியே விழாத ஊரிலிருந்து போகும் நமக்கு ஒரு சரிவைப் பார்த்து அதன் நிலையைச் சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்தவர் ஒருவர் நமக்காக முடிவெடுக்கும் இடமா, இல்லையா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. விலை அதற்குப் பிறகுதான்.

சரிவுகளின் ஆபத்து நமக்குப் புதிதில்லை. 1993-இல் மண்சரிவில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 48 பேர் இறந்ததும், 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்ததும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. மழை, ஊறிய மண், செங்குத்தான சரிவு என்றால் நம் மனம் தானாக எச்சரிக்கையாகிவிடும். பனியில் அந்த எச்சரிக்கை நமக்கு வருவதில்லை. புதிதாகப் பெய்த மறுநாள், நீல வானத்தின் கீழே வெள்ளையாக விரிந்து கிடக்கும் சரிவு அழகாக மட்டுமே தெரியும். உண்மையில் பெரும்பாலான பனிச்சரிவுகள் நடப்பது பனி பெய்யும்போதும், பெய்து முடிந்த முதல் ஓரிரு நாள்களிலும்தான். படம் எடுக்க மிக நல்ல நாளும் மிக மோசமான நாளும் ஒன்றாகவே வரலாம்.

மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. இரண்டு பொழிவுகளுக்கு இடையே வெயில், காற்று, கடுங்குளிர் எல்லாம் பழைய அடுக்கின் மேற்பரப்பை மாற்றிவிடுகின்றன. பனி மெல்லியதாகவும் இரவுகள் தெளிவாகவும் குளிராகவும் இருந்தால், தரையின் வெப்பத்துக்கும் மேலே உள்ள குளிருக்கும் இடையிலான வேறுபாட்டால் அடியில் உள்ள பனி, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை மணிகளைப் போல ஆகிவிடும். அதன் மேல் புதுப்பனி கனமாக இறங்கினால் மேலடுக்கு ஒரு பலகையாக நிற்கும். அடியில் பிடிப்பு இருக்காது. ஒரு மனிதரின் எடை போதும், பலகை முழுவதும் ஒரே நொடியில் விரிசல் விட்டுக் கிளம்ப. இப்படி நடப்பது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வளவாகத் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். காற்று இன்னொரு பெரிய காரணம். வானிலிருந்து எதுவும் விழாத நாளிலும் காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துவிடும்.

மலை விளையாட்டுக்குப் போய் பனிச்சரிவில் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிக்கும் சரிவை, அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான் கிளப்பியிருக்கிறார்கள். புதையுண்டவரை 10 முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். வெளியிலிருந்து மீட்புப்படை வரும்வரை காத்திருக்க அந்த நேரம் போதாது. கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, நீண்ட துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஏபிசி போகும் நம்மவர்களில் இவற்றைக் கொண்டு போனவரை நான் பார்த்ததில்லை.

அன்னபூர்ணா அடிவார முகாம்

மூன்றிலும் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். நம் மலையேறிகள் அதிகம் போகும் இடம் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடமும் இதுவே. முகாமின் உயரம் 4,130 மீட்டர். கினாபாலு உச்சி 4,095 மீட்டர். "கினாபாலு ஏறிட்டேன், இதுவும் அதே உயரம்தானே" என்று நினைப்பது இயல்பு. கால்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கினாபாலுவில் ஆபத்து காலடியில் இருக்கிறது: வழுக்கும் பாறை, மழை, குளிர். அன்னபூர்ணா வழியில் ஆபத்து தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

சோம்ரோங் தாண்டியதும் பாதை மோதி ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. பாம்பூ, தோவான், ஹிமாலயா, தேவ்ராலி என்று போகப் போக இருபுறமும் சுவர்கள் நெருங்கும். நடப்பது காட்டுவழி; பல இடங்களில் அதிகச் சாய்வும் கிடையாது. அதனால் "நாம் சரிவில் இல்லையே" என்று தோன்றும். ஆனால் மேற்குப் பக்கத்தில் 6,441 மீட்டர் உயர ஹியுஞ்சுலி நிற்கிறது. அதன் மேல்சரிவுகளில் குவியும் பனி, பாறைச் சுவருக்கு மேலே நம் பார்வையிலிருந்து மறைந்திருக்கும். அது கிளம்பினால் ஓடைப் பள்ளங்கள் வழியாகப் பாதையின் மேலேயே வந்து விழும். குறிப்பாக ஹிமாலயா முதல் மச்சாபுச்சரே அடிவார முகாம் வரையுள்ள பகுதி இப்படிப்பட்டது. பாதையில் பனியே இல்லாத நாளில்கூட மேலே பெரிய குவியல் இருக்கலாம்.

2020 ஜனவரி 17 அன்று தேவ்ராலிக்கு அருகே நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பெரும் பனிப்பொழிவுக்குப் பிறகு இறங்கிய சரிவில் நான்கு தென்கொரியர்களும் மூன்று நேபாளியர்களும் சிக்கினார்கள். அந்தக் கொரியர்கள் தன்னார்வப் பணிக்காக வந்திருந்த ஆசிரியர்கள். உச்சிக்குப் போகும் மலைவீரர்கள் இல்லை. நம்மைப் போல நடைப்பயணம் வந்தவர்கள்தான். உடல்கள் கிடைத்தது பனி உருகிய பிறகு, பல மாதங்கள் கழித்து.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வழியில் யார் கவனிக்கிறார்கள்? லாட்ஜ்காரர்களும் வழிகாட்டிகளும்தான். ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலையில் ஒவ்வொரு பகுதிக்கும் தினமும் 1 முதல் 5 வரை ஆபத்து நிலை அறிவிப்பார்களே, அப்படியான அறிக்கை இங்கே கிடையாது. உள்ளூர்க்காரர்களின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்தப் பள்ளத்தில் எப்போது விழும் என்பது அவர்களுக்குத் தலைமுறை அனுபவம். ஆபத்து அதிகமானால் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள மாற்றுவழியில் அனுப்புவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே கடக்கச் சொல்வார்கள். ஒவ்வொருவராக இடைவெளி விட்டுப் போகச் சொல்வார்கள். எல்லாம் நல்ல வழக்கங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வழிகாட்டி நாம் பணம் கொடுத்து வைத்தவர். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும், டிக்கெட்டை மாற்ற முடியாது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பத்துப் பேர் சுற்றி நின்று சொன்னால், "வேண்டாம்" என்று நான்கு முறை சொன்னவர் ஐந்தாவது முறை தயங்கலாம். குல்மார்க்கிலும் ஜப்பானிலும் வழியை மூடுபவருக்கும் நமக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. எனக்கு இது மிகப் பெரிய வேறுபாடாகப் படுகிறது.

ஏபிசி வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. மாதத்தை மாற்றுங்கள் என்கிறேன். பருவமழை முடிந்து அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் முற்பகுதி வரை பொதுவாக வறண்ட காலம். மேலே பனிச்சுமை குறைவு, வானம் தெளிவு. அதுவும் முழு உத்தரவாதம் கிடையாது. 2014 அக்டோபரில் வங்கக்கடலில் உருவான ஹுட்ஹுட் புயலின் மிச்சம் நேபாளம் வரை வந்து, தோரோங் கணவாய்ப் பகுதியில் பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் 40-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் போகிறவர்கள் வங்கக்கடல் புயல் செய்தியைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆனாலும் அப்படிப்பட்ட புயல் முன்கூட்டியே தெரியும். ஒதுங்க நேரம் உண்டு. பிப்ரவரியில் மேலே என்ன அடுக்கு உட்கார்ந்திருக்கிறது என்பது கீழே நடக்கும் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில்தான் விடுப்பு என்றால் அதே அன்னபூர்ணா பகுதியில் உள்ள பூன்ஹில் போகலாம். 3,210 மீட்டர், கோரேபானியில் தங்கி, விடியற்காலையில் ஏறினால் அன்னபூர்ணா தொடரும் தவுளகிரியும் எதிரே விரியும். பாதை பெரும்பாலும் காட்டு முகட்டில் போகிறது, தலைக்கு மேல் 6,000 மீட்டர் மலை தொங்குவதில்லை. காலடியில் பனியும் கிடைக்கும். முதல் முறை பனி பார்க்கப் போகும் குழுவுக்கு இதுவே தாராளம்.

குல்மார்க்

காஷ்மீர் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் கவலை பாதுகாப்பு நிலவரம். அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே பனியை மட்டும் பேசுகிறேன்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் கார் இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கொங்தூரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாவது கட்டம் அபர்வாத் மலையின் தோளில் ஏறத்தாழ 3,980 மீட்டர் வரை. அதாவது ஒருவர் காலையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு டிக்கெட் வாங்கினால், அரைநாளுக்குள் கினாபாலு உயரத்துக்குப் பக்கத்தில், பெரும் பனிச்சரிவுப் பகுதியின் விளிம்பில் போய் இறங்கிவிடலாம். உடலும் பழகியிருக்காது, கண்ணும் பழகியிருக்காது.

குல்மார்க் இருக்கும் பீர் பாஞ்சால் மலைத்தொடருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டு வருவது மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள். அவை வந்தால் ஒரே மூச்சில் மிக அதிகமாகப் பெய்யும். பிறகு பல நாள் தெளிவான கடுங்குளிர். டிசம்பர் 21 முதல் 40 நாள்களை அங்கே சில்லாய் கலான் என்கிறார்கள். அந்தக் காலத்தில் பனி குறைவாக விழுந்து குளிர் மட்டும் நீடித்தால், மேலே சொன்ன சர்க்கரை மணி அடுக்கு அடியில் உருவாகிவிடும். ஜனவரி இறுதி, பிப்ரவரியில் பெரும்பொழிவு அதன் மேல் வந்து அமரும். நம் தைப்பூச விடுமுறையும் அதே சமயம்தான்.

நடந்தவற்றைப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் குல்மார்க் அருகே பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாத் பகுதியில் போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இருவர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். பயிற்சி இருந்தவர்களுக்கே இப்படி.

ஆனாலும் என் அளவுகோலில் குல்மார்க், பிப்ரவரி ஏபிசியை விட மேலே நிற்கிறது. ஜம்மு-காஷ்மீர் மலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிட சண்டிகரில் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கேபிள் காரின் மேல்பகுதிக்கு நேர் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியைப் பனிச்சறுக்கு ரோந்துக் குழு கவனிக்கிறது. சரியில்லை என்றால் இரண்டாவது கட்டம் மூடப்படும். அதற்கு வெளியே எல்லாம் திறந்த மலை, யார் பொறுப்பும் இல்லை. ஒருவர் சறுக்கிப் போன தடம் தெரிகிறது என்பதற்காக அந்தச் சரிவு பாதுகாப்பானதாகிவிடாது. ஐந்தாவது ஆளின் எடையில்கூட அது கிளம்பலாம்.

சறுக்கத் தெரியாத நமக்குக் கொங்தூரியே போதும் என்பேன். பனி, இமயமலைக் காட்சி, பிள்ளைகளுக்குச் சறுக்குவண்டி எல்லாம் அங்கேயும் கீழேயும் கிடைக்கின்றன. இரண்டாவது கட்டம் திறந்திருந்தால் ஏறிப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கிவிடலாம். மேலே போனதும் "கொஞ்ச தூரம் நடந்து காட்டுறேன் சார்" என்று கூப்பிடுபவர்களோடு மட்டும் போக வேண்டாம்.

ஜப்பான்

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு ஹொக்காய்டோவிலும் ஹொன்ஷுவின் மேற்குப் பக்கத்திலும் கொட்டுகிறது. ஹொக்காய்டோவின் நிசெகோவில் ஒரு பருவத்தில் 10 மீட்டருக்கும் மேல் பெய்யும். கனமாக, அடிக்கடி பெய்வதால் அடுக்குகள் பொதுவாக விரைவில் ஒன்றோடொன்று இறுகுகின்றன. அடியில் பலவீனம் மாதக்கணக்கில் ஒளிந்திருப்பது காஷ்மீரைவிடக் குறைவு. ஆனால் பெய்துகொண்டே இருப்பதால் "புயல் முடிந்த முதல் இரண்டு நாள்" என்ற ஆபத்துக் கணக்கு அங்கே ஓய்வதே இல்லை. 2017 மார்ச்சில் தொச்சிகி மாநிலத்தின் நாசுவில் மலையேற்றப் பயிற்சிக்குப் போன உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஏழு பேரும் ஓர் ஆசிரியரும் பனிச்சரிவில் இறந்தார்கள். மாணவர் குழுக்களைக் கூட்டிப் போகும் நம் ஆசிரியர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானின் பலம் அங்கே வரையப்பட்டிருக்கும் எல்லை. நிசெகோவில் நான்கு சறுக்குமையங்களும் சேர்ந்து ஒரே விதிமுறையைப் பின்பற்றுகின்றன. எல்லைக்கு வெளியே போக குறிப்பிட்ட வாயில்கள் மட்டுமே. காலையில் ரோந்துக் குழுவினர் பனியைப் பார்த்து எது திறக்கும், எது மூடும் என்று முடிவு செய்கிறார்கள். தினமும் பனிச்சரிவு நிலவரம் வெளியாகிறது. எல்லையில் கட்டியிருக்கும் கயிற்றைக் குனிந்து தாண்டினால் லிஃப்ட் அட்டையைப் பறித்துவிடுவார்கள். யு-நோ-சாவா என்ற பள்ளத்துக்குள் எந்த நாளும் யாரும் நுழையக்கூடாது. 2023 ஜனவரியில் ஹகுபா அருகிலும் 2024 மார்ச்சில் யோதேய் மலையிலும் வெளிநாட்டவர் இறந்தது இப்படிப்பட்ட எல்லைக்கு வெளியே. கயிற்றுக்கு உள்ளே, கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவில் நிற்கும் ஒரு கோலாலம்பூர்க் குடும்பத்துக்குப் பனிச்சரிவு ஆபத்து மிக மிகக் குறைவு.

அவர்கள் கவனிக்க வேண்டியது கூரை. வீட்டுக் கூரையிலிருந்து ஒரே கட்டியாக இறங்கும் பனி அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் உயிர்களை எடுக்கிறது. பிள்ளைகளைச் சுவரோரம் விளையாட விடாதீர்கள்.

வெறுமனே பனி பார்க்க வேண்டும், சறுக்க வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஹொன்ஷுவில் உள்ள தத்தேயாமா மலையில் ஏப்ரல் நடுவில் மலைச்சாலையைத் திறப்பார்கள். இருபுறமும் வெட்டி நிறுத்திய பனிச்சுவர். நல்ல ஆண்டுகளில் 20 மீட்டர் வரை உயரும். பஸ்ஸில் 2,450 மீட்டர் உயர முரோதோ வரை போய், குறிக்கப்பட்ட பாதையில் நடந்து திரும்பலாம். தாத்தா பாட்டியையும் கூட்டிப் போகலாம். விலையில் ஜப்பான் மூன்றிலும் அதிகம்தான், அதை மறைக்க முடியாது.

ஆக, எதைத் தேர்வது?

சிறுபிள்ளைகள், பெரியவர்கள் கூட வந்தால் ஜப்பான், கயிற்றுக்கு உள்ளே. இமயமலையும் வேண்டும், பிப்ரவரிதான் முடியும், நடக்க விருப்பம் உண்டு என்றால் பூன்ஹில். நடக்க விருப்பமில்லை என்றால் குல்மார்க், கொங்தூரி வரை. ஏபிசிதான் கனவு என்றால் நவம்பர். ஜனவரி முதல் மார்ச் வரை ஏபிசி என்பதை, பனி பழக்கமில்லாத எந்தக் குழுவுக்கும் நான் சொல்ல மாட்டேன். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

எந்த இடமானாலும் திட்டத்தில் இரண்டு நாள் காலியாக விடுங்கள். பெரும்பனி பெய்தால் லாட்ஜிலேயே உட்கார அந்த இரண்டு நாள் வேண்டும். அது இல்லாத பயணத்தில் வழிகாட்டியால் "இருங்கள்" என்று சொல்ல முடியாமல் போகிறது. முன்பணம் கட்டும் முன்பே குழுவில் எல்லாரிடமும் பேசி, வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போவது நல்லது.

பயணக் காப்புறுதியையும் வாங்கும் முன் வரி வரியாகப் படிக்க வேண்டும். பல திட்டங்களில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பாதுகாப்பு கிடையாது. சிலவற்றில் எல்லைக்கு வெளியே சறுக்கினால் செல்லாது. 4,130 மீட்டர் நடைப்பயணத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம் என்பதால், விமான டிக்கெட்டுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.